மிதக்கும் நாற்காலியில் மீன்பிடிப்பு: ஃப்ளோட் டியூப் பற்றி ஓர் எளிய விளக்கம்

கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், சியாரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில் க்ரோலி ஏரி இருக்கிறது. பெயர்தான் ஏரி. உண்மையில் அது ஓவன்ஸ் ஆற்றை மறித்து 1941-இல் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவதற்காகக் கட்டியது. ஏப்ரல் கடைசியில் மீன்பிடிப் பருவம் தொடங்கியதும், விடியற்காலையில் மெகீ பே பக்கம் போய் நின்றால், தண்ணீருக்கு மேலே அங்கங்கே தலையும் தோளும் மட்டும் தெரியும். படகு இருக்காது. ஆனால் ஒவ்வொருவர் கையிலும் தூண்டில் கோல் இருக்கும்.

முதல் தடவை பார்த்தபோது, அங்கே ஆழம் இல்லை, நின்றுகொண்டு பிடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த இடத்தில் ஓர் ஆள்மேல் இன்னோர் ஆள் நின்றாலும் தலை வெளியே தெரியாது என்று பிறகுதான் தெரிந்தது. அவர்கள் நிற்கவில்லை, உட்கார்ந்திருந்தார்கள். அந்த இருக்கைக்குப் பெயர்தான் ஃப்ளோட் டியூப்.

இப்போது நானும் அதில் போகிறேன். போவதைச் சொன்னால் வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "அது நீச்சல் வளையம்தானே? ஓட்டை விழுந்தால் ஆள் காலி?" "அதுவே மிதவை, அப்புறம் எதற்கு லைஃப் ஜாக்கெட்?" "அந்த ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் புகுந்தால் கல் மாதிரி இழுத்துக்கொண்டு போய்விடுமாமே?" மூன்றுமே தவறு. ஃப்ளோட் டியூபைச் சின்னப் படகு என்று நினைப்பதால் வருகிற குழப்பம் இது. படகில் இருப்பவர் தண்ணீருக்கு மேலே இருக்கிறார். ஃப்ளோட் டியூபில் இருப்பவர் பாதி தண்ணீருக்குள் இருக்கிறார். அதன் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகின்றன.

பொருள் என்னவென்று முதலில் பார்ப்போம்

காற்றடைத்த ஒரு மிதவை, அதன் நடுவில் துணியால் ஆன இருக்கை, முதுகுக்கு ஒரு சாய்மானம். அவ்வளவுதான். உட்கார்ந்தால் கால்கள் தண்ணீருக்குள் தொங்கும், மேல் உடம்பு வெளியே இருக்கும். ஜெர்மனியில் இதையே பெல்லி போட் என்கிறார்கள்.

இது லாரி டியூபிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், லாரி டயரின் உள்ளே இருக்கும் ரப்பர் டியூபுக்குக் கான்வாஸ் துணியில் உறை தைத்து, நடு ஓட்டையில் ஓர் இருக்கையைத் தொங்கவிட்டார்கள். தமிழ்நாட்டு ஏரிகளிலும் இலங்கைக் குளங்களிலும் லாரி டியூபில் போய் வலை விரிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது. அவர்களுக்கு அது பிழைப்பு, இங்கே அது பொழுதுபோக்கு. மிதக்கிற விதி இரண்டுக்கும் ஒன்றுதான்.

அந்தப் பழைய வடை வடிவத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. ஓட்டைக்குள் காலை விட்டு ஏறிவிட்டால் அவசரத்துக்கு வெளியே வர முடியாது. தப்பித் தவறிக் கவிழ்ந்தால் தலைகீழாக மாட்டிக்கொள்ளலாம். அதனால் பின்னாளில் முன்பக்கம் திறந்திருக்கும் குதிரை லாட வடிவம் வந்தது. அதற்குப் பிறகு, பின்புறம் கூம்பாக ஒடுங்கி முன்புறம் விரியும் வடிவமும் வந்தது. இன்று புதிதாக வாங்குகிறவர்கள் வடை வடிவத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பேன்.

கூட வேண்டியவை இரண்டு. ஒன்று ஃபின்ஸ்: வாத்துக்கால் போல அகலமாக இருக்கும், காலில் மாட்டும் துடுப்பு. இன்னொன்று வேடர்ஸ்: பாதத்திலிருந்து மார்பு வரை வரும், தண்ணீர் புகாத உடை. மடிமேல் ஒரு வலைத்துணி இருக்கும். உள்ளே இழுக்கிற தூண்டில் நரம்பு தண்ணீரில் சிக்காமல் அதன்மேல் சுருண்டு கிடக்கும். பலவற்றில் அந்தத் துணியிலேயே அளவுகோல் அச்சடித்திருக்கும், மீனை அதன்மேல் வைத்தே அளந்துவிடலாம்.

ஏன் மிதக்கிறது: கிணற்று வாளிக் கணக்கு

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது தெரியும். வாளி நிரம்பி தண்ணீருக்குள் இருக்கும் வரை கயிற்றில் கனமே தெரியாது. வாளி தண்ணீரை விட்டு மேலே வந்த அந்த நொடியில்தான் கை திடீரென்று கனக்கும். வாளியின் எடை மாறவில்லை. அதுவரை தண்ணீரும் கூடச் சேர்ந்து தூக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

தண்ணீர் அப்படித் தூக்கும் விசைக்கு மிதப்பு விசை என்று பெயர். ஒரு பொருள் தண்ணீரில் இறங்கும்போது எவ்வளவு தண்ணீரை இடம் தள்ளுகிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடை அளவுக்கு அதற்கு மேல்நோக்கிய தள்ளுதல் கிடைக்கும். ஆர்க்கிமிடீஸ் சொன்னது இதைத்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் கணக்குப் போடுவது சுலபம்.

ஆள் 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வேடர்ஸ், தூண்டில், பெட்டி, டியூபின் சொந்த எடை எல்லாம் சேர்த்து இன்னொரு 15 கிலோ. மொத்தம் 90. இரண்டு கால்களும் தண்ணீருக்குள் இருக்கின்றன. அவை சுமார் 25 லிட்டர் தண்ணீரை இடம் தள்ளும். ஆக 25 கிலோவைத் தண்ணீரே நேரடியாகத் தாங்கிவிட்டது. டியூபுக்கு மீதி 65 கிலோதான். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழல்கள். ஒவ்வொன்றும் 30 செ.மீ. விட்டம், 130 செ.மீ. நீளம் என்றால், ஒரு குழலின் கொள்ளளவு 90 லிட்டருக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து 180 லிட்டர். 65 கிலோவைத் தாங்க இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முழுகினால் போதும்.

சரி, ஒரு பக்கக் குழல் ஓட்டையாகிவிட்டால்? மற்றதில் இன்னும் 90 லிட்டர் இருக்கிறது, தேவை 65. ஒரு பக்கமாகச் சாயும், உட்காரவே சங்கடமாக இருக்கும், ஆனால் மிதக்கும். அதோடு, டியூப் தாழத் தாழ உங்கள் உடம்பில் கூடுதல் பாகம் தண்ணீருக்குள் போகிறது. அதையும் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. பெரும்பாலான டியூப்களில் சாய்மானமும் தனிக் காற்றுப் பையாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான்: ஒன்று போனாலும் மற்றவை நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காருக்கு 30 பவுண்டு காற்று பிடிக்கிறோம். ஃப்ளோட் டியூபுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று பவுண்டுக்கு மேல் போவதில்லை. அதனால் தூண்டில் முள் குத்தினால் பலூன் மாதிரி வெடிக்காது, மெதுவாகக் கசியும். கரைக்கு வர நேரம் கிடைக்கும்.

இதுவரை சொன்னது இவ்வளவு: டியூப் உங்கள் முழு எடையையும் சுமப்பதில்லை. ஒரு பகுதியைத் தண்ணீரே சுமக்கிறது, மிச்சத்தை டியூப் தன் கொள்ளளவில் ஒரு பகுதியைக் கொண்டே சமாளிக்கிறது. முழுகிவிடுமோ என்பது இங்கே முதல் பயமாக இருக்கத் தேவையில்லை.

ஏன் எளிதில் கவிழ்வதில்லை

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். அதன் கனமெல்லாம் அடியில் இருக்கிறது. ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக எண்ணிக்கொண்டால், அந்தப் புள்ளிக்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். அது எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நிலைப்பு.

பரிசலில் ஒருவர் எழுந்து நின்றால் எல்லோரும் "உக்காருய்யா" என்று கத்துவது இதனால்தான். நின்றால் ஈர்ப்பு மையம் மேலே போகிறது. ஃப்ளோட் டியூபில் எழுந்து நிற்கவே வழியில்லை. இருக்கை நீர்மட்டத்தை ஒட்டி இருக்கிறது, இரண்டு கால்களும் அதற்குக் கீழே தொங்குகின்றன, இரு பக்கமும் குழல்கள் அகலமாகத் தாங்குகின்றன. கை நீட்டி மீனைத் தூக்கலாம், திரும்பிப் பையிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுக்கலாம், ஒன்றும் ஆகாது. அப்படி உட்கார்ந்திருக்கையில் வருகிற நிதானத்தை எழுத்தில் சொல்வது கடினம். அலை வந்தால் நீங்களும் அதோடு எழும்பித் தாழ்வீர்கள், அது உங்களை உலுக்குவதில்லை.

கவிழவே கவிழாது என்று சொல்லவில்லை. பெரிய அலை, வேகப் படகு கிளப்பும் அலை, எல்லாவற்றுக்கும் மேலாக ஏறும் இறங்கும் நேரம், இவையெல்லாம் ஆபத்துதான்.

காலால் ஓட்டுவது, அதுவும் பின்னோக்கி

இதில் துடுப்புப் பிடிக்க வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே மட்டும் முன்னும் பின்னும் ஆட்டுவதுபோல ஆட்டினால் ஃபின்ஸ் தண்ணீரை முன்பக்கமாகத் தள்ளும். தண்ணீர் முன்னே போனால் நீங்கள் பின்னே போவீர்கள். ஆகவே ஃப்ளோட் டியூப் எப்போதும் பின்னோக்கித்தான் நகர்கிறது. திரும்ப வேண்டுமென்றால் ஒற்றைக் காலை மட்டும் அடித்தால் போதும்.

பின்னோக்கிப் போவது குறை மாதிரித் தெரியும். மீன்பிடிப்பவருக்கு அதுதான் வசதி. வீசிய தூண்டில் உங்கள் முகத்துக்கு நேராக இருக்கிறது. நீங்கள் மெல்லப் பின்னே நகரும்போது நரம்பு தானாகவே விறைப்பாக நிற்கும், மீன் தொட்டால் உடனே விரலுக்குத் தெரியும். ஓட்டுவது கால் என்பதால் இரண்டு கையும் தூண்டிலுக்கே.

க்ரோலி ஏரியில் இதன் அருமை நன்றாகத் தெரியும். அங்கே ட்ரவுட் மீன்கள் ஏரியின் அடிமண்ணில் வளரும் கொசு போன்ற சின்னப் பூச்சிகளின் குஞ்சுகளை விரும்பித் தின்னும். அவற்றைப் போலவே நூலில் கட்டிய ஒரு சிறு போலி இரையைத் தக்கைக்குக் கீழே, அடித்தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நிற்குமாறு தொங்கவிடுகிறார்கள். நம் ஊர்த் தக்கைத் தூண்டில்தான், மண்புழுவுக்குப் பதில் நூல் பூச்சி. தக்கை துளி அசைந்தாலும் இழுக்க வேண்டும். இதற்கு ஒரே இடத்தில் சத்தமில்லாமல் நிற்கத் தெரிய வேண்டும். மெல்லக் காலை அசைத்தே நிலைகொள்ளும் ஃப்ளோட் டியூப் அதற்கு மிகவும் பொருந்தும்.

குறையும் உண்டு. நீர்மட்டத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் தூரமாக வீச முடியாது, தண்ணீருக்குள் மீன் நிற்பது கண்ணுக்குத் தெரியாது.

எதனால் இத்தனை பேர் இதற்கு வருகிறார்கள்

படகு என்றால் டிரெய்லர், நிறுத்த இடம், இறக்க சாய்தளம், எரிபொருள் என்று ஒன்றின்மேல் ஒன்றாகச் செலவு. ஃப்ளோட் டியூப் சில நூறு டாலருக்குள் முடிந்துவிடும். அடுக்குமாடி வீட்டில் அலமாரியின் மூலையில் அடங்கும். ஐந்து கிலோவுக்கும் குறைவானவை இருப்பதால், முதுகில் மாட்டிக்கொண்டு சாலையே இல்லாத மலை ஏரி வரை நடந்து போகலாம். பெட்ரோல் இன்ஜினுக்குத் தடை உள்ள ஏரிகளிலும் பிரச்சினை இல்லை. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்காவில் மீன்பிடிக்கப் போனவர்கள் 5 கோடிக்கும் மேல். புதிதாக வந்தவர்களில் படகு வாங்க முடியாதவர்களின் கண்ணில் முதலில் படுவது இதுதானே.

அமெரிக்காவோடு நிற்கவில்லை. ஜப்பானில் 1925-இல் அஷினோகோ ஏரியில் கொண்டுவந்து விட்ட அமெரிக்க பாஸ் மீன் பின்னர் நாடெங்கும் பரவியது. அதைப் பிடிப்பவர்களிடையே ஃப்ளோட் டியூப் வெகு சகஜம். ஜெர்மனியின் பால்டிக் கரையோரக்காரர்கள் கடலிலேயே இதில் இறங்குகிறார்கள். கடலைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் அடுத்து வருகிறது.

பயப்பட வேண்டியது எதற்கு

முதலில் காற்று. ஃப்ளோட் டியூபின் வேகம் நாம் நடக்கிற வேகத்தைவிடக் குறைவு. நிமிர்ந்து நிற்கும் சாய்மானமும் உங்கள் மேல் உடம்பும் சேர்ந்து விரித்த குடை மாதிரி காற்றைப் பிடிக்கும். க்ரோலி பக்கம் காலையில் ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும், மதியத்துக்குள் மலைக்காற்று இறங்கிவிடும். என் இரண்டாவது பயணத்தில், இன்னும் ஒரு மீன், இன்னும் ஒரு மீன் என்று தாமதித்து இதில் மாட்டினேன். தொடை நடுங்க நடுங்கக் காலடித்தும், கரையில் இருந்த ஒரு பாறையை அடையாளம் வைத்துப் பார்த்தால் நான் அந்த இடத்திலேயே இருந்தேன். கடைசியில் எதிர்ப்பதை விட்டுவிட்டு, காற்று கொண்டுபோன கரையில் ஒதுங்கி, டியூபை முதுகில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் சேற்றில் நடந்தேன். ஏரி என்பதால் எதிர்க்கரை இருந்தது. கடலில் காற்று வெளிப்பக்கம் அடித்தால் எதிர்க்கரை கிடையாது.

இதற்கு ஒரு எளிய வழக்கம் உண்டு. கிளம்பும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள். களைத்துத் திரும்பும் நேரத்தில் காற்றே கொண்டுவந்து சேர்க்கும்.

இரண்டாவது, குளிர். மார்கழிக் காலைக் குளிரில் முற்றத்தில் நிற்கலாம். அதே குளிர்ச்சியுள்ள தண்ணீரில் நிற்க முடியாது. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்தும். பனி உருகி வந்த தண்ணீரில் நாலைந்து மணி நேரம் கால் தொங்கினால், வேடர்ஸுக்குள் கனமான உடுப்பு இருந்தாலும் குளிர் ஏறும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதை ஹைப்போதெர்மியா என்கிறார்கள். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், கடுங்குளிர் நீரில் விழுந்தவர்களுக்காக 1-10-1 என்ற ஒரு கணக்கைப் பரப்பியிருக்கிறார்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கை கால் உருப்படியாக அசைய 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

லைஃப் ஜாக்கெட் எதற்கு என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. டியூப் உங்களை மிதக்க வைப்பது நீங்கள் அதில் உட்கார்ந்திருக்கும் வரைதான். வெளியே விழுந்து, குளிரில் கை விறைத்துப்போனால் அதைப் பிடித்துக்கொள்ளக்கூட முடியாது. உடம்போடு கட்டியிருக்கும் ஜாக்கெட்டுக்குப் பிடி தேவையில்லை. அதை அணிய வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. எந்த மாநிலமானாலும் அணியுங்கள்.

மூன்றாவது, வேடர்ஸ் பற்றிய கதை. உள்ளே தண்ணீர் புகுந்தால் அது கீழே இழுக்காது. கிணற்று வாளியை மறுபடி நினைத்துப் பாருங்கள்: தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்குக் கனம் தெரியாது. உண்மையான தொல்லை வேறு. நீந்துவது கடினமாகும், உடம்பு வேகமாகக் குளிரும், கரையேறும்போது அத்தனை தண்ணீரும் வாளி போலக் கனக்கும். இடுப்பில் ஒரு பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் உள்ளே போகிற தண்ணீர் வெகுவாகக் குறையும்.

ஓடும் ஆறு வேண்டவே வேண்டாம். தொங்கும் காலும் ஃபின்ஸும் அடியில் கிடக்கும் மரக்கிளையில் சிக்கினால், மேலிருந்து வரும் தண்ணீர் உங்களை அதன்மேல் அழுத்திப் பிடித்துவிடும்.

சுருக்கமாக: ஓட்டையைப் பற்றிய கவலையைவிடக் காற்றையும் குளிரையும் பற்றிய கவலைதான் முக்கியம். இரண்டும் பாதி உடம்பு தண்ணீருக்குள்ளும் பாதி வெளியிலும் இருப்பதால் வருபவை.

வெயிலும் டியூபும்

சைக்கிளை நடு வெயிலில் நிறுத்தி டியூப் வெடித்த அனுபவம் பலருக்கும் இருக்கும். சூடானால் அடைபட்ட காற்று விரிய முயலும், குளிர்ந்தால் சுருங்கும். கரையில் 30 டிகிரி வெயிலில் விறைப்பாகக் காற்றடித்த டியூபை 10 டிகிரித் தண்ணீரில் இறக்கினால் சில நிமிடங்களில் தொளதொளவென்று ஆகிவிடும். ஓட்டை என்று பதற வேண்டாம். இன்னும் கொஞ்சம் காற்றடித்தால் சரியாகிவிடும். எதிர்ப்பக்கம்தான் கவனிக்க வேண்டியது. மத்தியானம் கரையேறி, விறைப்பான டியூபை வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் தையல் பிரியலாம். வெளியே எடுத்ததும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். மலைப்பாதையும் இதே வேலையைச் செய்யும். க்ரோலி ஏரி சுமார் 2,070 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கீழே பிஷப் ஊர் சுமார் 1,260 மீட்டரில். கீழேயே காற்றடித்து வண்டியின் மேல் கட்டிக்கொண்டு ஏறினால், வெளிக்காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைந்து டியூப் புடைத்துக்கொள்ளும்.

முதல் நாள்

ஏறுவதுதான் முதல் பாடம். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ராமநாதபுரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். ஃபின்ஸை மாட்டிக்கொண்டு நான் நேராக ஏரியைப் பார்த்து நடக்கப் போனேன். "தம்பி, தம்பி, நில்லு! மூஞ்சிய கரைப் பக்கம் வெச்சுக்கிட்டுப் பின்னாடியே நட. முன்னாடி நடந்தா ஃபின்ஸ் மடங்கி குப்புற விழுந்துருவ" என்றார். ஃபின்ஸோடு நடப்பது வாத்து நடை. பின்னோக்கி நடந்தால் துடுப்பின் நுனி தரையில் குத்தாது. டியூபை இடுப்பில் பிடித்துக்கொண்டு, முழங்கால் தாண்டும் ஆழம் வரை பின்னே நடந்து, அப்படியே உட்கார வேண்டும். தண்ணீர் தூக்கிக்கொள்ளும்.

முதல் நாளுக்குக் காற்றில்லாத காலையும், சின்ன ஏரியும், கூட ஓர் ஆளும் போதும். கரையிலிருந்து நீந்தி வரக்கூடிய தூரத்துக்குள் இருங்கள்.

திரும்பும்போதும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் கரைக்கு வருவீர்கள். குதிகால் தரையைத் தொட்டதும் உடனே எழக் கூடாது. மணிக்கணக்காகத் தண்ணீர் தாங்கிய கால்களில் முழு எடையும் ஒரே நொடியில் வந்து இறங்கும். அதற்குள் கால் மரத்தும் போயிருக்கும். பலர் விழுவது நடு ஏரியில் அல்ல, இந்த முழங்கால் ஆழத்தில்தான். அங்கேயே ஒரு நிமிடம் உட்கார்ந்து, தூண்டிலைக் கரையில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, மடித்துணியைக் கழற்றி, இரண்டு குழல்களையும் இணைக்கும் முன்பக்கக் கம்பியை விலக்கி, கையை டியூபில் ஊன்றி மெதுவாக எழுங்கள். ஃபின்ஸையும் வேடர்ஸையும் கழுவி நன்றாகக் காய வைத்த பிறகுதான் அடுத்த ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஓவன்ஸ் ஆற்றுப் பகுதியில் நியூசிலாந்திலிருந்து வந்து பரவிய மிளகளவு நத்தைகள் இருக்கின்றன, தையலிடுக்கில் ஒன்று ஒட்டிக்கொண்டு போனாலும் புதிய ஏரியில் பெருகிவிடும்.